கைப்போனில் விற்கிற காலேஜ்

சிப்காட் பக்கம் குடியிருப்பவர்களுக்கு ஷிப்ட் முடிந்ததைத் தெரிந்துகொள்ளக் கடிகாரம் வேண்டியதில்லை. கம்பெனி பஸ்கள் வரிசையாக வந்து நிற்கும். பிள்ளைகள் இறங்கித் தூக்கக் கலக்கத்தோடு நடக்கிற செருப்புச் சத்தம் கேட்கும். அதுதான் மணி. எங்கள் மாடியில் அப்படி மூன்று பெண்கள் வாடகைக்கு இருக்கிறார்கள். மூவருக்கும் செல்போன் பாகங்கள் பொருத்துகிற ஒரு கம்பெனியில் வேலை. அதில் ஒருத்தி திண்டிவனம் பக்கத்துக் கிராமம். போன ஆடி மாதம் ஒரு நாள் காலையில் கீழே இறங்கி வந்து, "தாத்தா, நீங்க பி.காம். படிச்சவர்தானே? மார்க்கெட்டிங்னா என்ன தாத்தா?" என்று கேட்டாள்.

"பையை எடுத்துக்கிட்டுக் காய்கறி வாங்கப் போறது" என்றேன். அவள் சிரிக்கவில்லை. கையில் இருந்த போனை நீட்டினாள். ஆன்லைன் பி.பி.ஏ., முதல் செமஸ்டர், 'சந்தைப்படுத்துதல் ஓர் அறிமுகம்' என்ற பாடம். தலைப்பு முதல் கடைசி வரி வரை எல்லாம் ஆங்கிலம். பரீட்சைக்கு இன்னும் பதினெட்டு நாள்.

அன்றைக்குத் தொடங்கியதுதான் இந்தக் கோபம். நான்கு மாதமாகியும் ஆறவில்லை. அதனால் எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வீட்டிலிருந்தே படிப்பதை நான் கேலி செய்கிறவன் இல்லை. நானே அப்படிப் படித்தவன்தான். அம்பத்தூரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் ஸ்டோர்ஸ் கிளார்க்காக இருந்துகொண்டு, சென்னைப் பல்கலைக்கழகத்தின் அஞ்சல் வழிக் கல்வியில் பி.காம். முடித்தேன். அந்த நிறுவனம் 1981-இல் ஆரம்பித்தது. நான் அடுத்த வருடமே சேர்ந்துவிட்டேன். பழுப்புக் கவரில் பாடப் புத்தகம் தபாலில் வரும். எங்கள் லைன் வீட்டில் தபால்காரர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடும்போது எனக்குக் கொஞ்சம் கர்வமாகக் கூட இருக்கும்.

அந்தப் படிப்பில் எனக்கு இன்றைக்கும் மறக்காமல் இருப்பது புத்தகம் இல்லை. விடுமுறை நாட்களில் நடக்கும் நேர்முக வகுப்பு. ஒரு பேராசிரியர் வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு பல்பொடிப் பொட்டலத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். "இதை வாங்குறது யாரு? காசு கொடுக்கிறது யாரு? பல்லு விளக்குறது யாரு?" என்று கேட்டார். வாங்குவது அம்மா, காசு அப்பாவுடையது, பல் விளக்குவது பிள்ளைகள் என்று ஆளுக்கொன்று சொன்னோம். "அப்ப இந்தக் கம்பெனி யார்கிட்ட பேசணும்?" என்றார். வகுப்பே சத்தமாகிவிட்டது. லேத் மெஷின் ஓட்டுகிறவர், பஸ் கண்டக்டர், போஸ்ட் ஆபீஸ் கிளார்க் என்று எல்லோரும் பேசினோம். நாற்பது வருடம் கழித்தும் அந்தக் கேள்வி என் தலையில் இருக்கிறது. தபால் பாடத்தில் படித்த வரையறை ஒன்றுகூட நினைவில் இல்லை.

இப்போது மாடி வீட்டுப் பெண்ணின் கதைக்கு வருகிறேன். சந்தைப்படுத்துதல் படித்த எல்லோருக்கும் நான்கு 'பி' தெரிந்திருக்கும். பொருள், விலை, இடம், விளம்பரம். ஆங்கிலத்தில் நான்கும் 'பி'யில் தொடங்குவதால் அந்தப் பெயர். 1960-இல் ஜெரோம் மெக்கார்த்தி என்ற அமெரிக்கப் பேராசிரியர் தன் பாடப் புத்தகத்தில் இப்படி வகுத்தார். பிறகு 1967-இல் வந்த பிலிப் கோட்லரின் புத்தகம் அதை உலகமெங்கும் கொண்டுபோனது. அந்தப் பெண்ணின் பாடத்திலும் இரண்டாவது அத்தியாயமே இதுதான். சரி, அந்தப் பாடத்தை விற்றவர்களை அந்தப் பாடத்தை வைத்தே அளந்து பார்ப்போம் என்று உட்கார்ந்தேன்.

விளம்பரத்திலிருந்து தொடங்குகிறேன். ஏனென்றால் அவர்களும் அதிலிருந்துதான் தொடங்கினார்கள். அவள் போனில் ஏதோ ஒரு விளம்பரத்தைத் தொட்டிருக்கிறாள். பத்து நிமிடத்தில் போன் வந்துவிட்டது. பேசியவர் தன்னைக் கவுன்சிலர் என்று சொல்லிக்கொண்டாராம். நமக்குத் தெரிந்த கவுன்சிலர் வார்டில் குழாய் வரவில்லை என்றால் போய் நிற்கிற ஆள். இந்தக் கவுன்சிலர் சேர்க்கை நடந்தால் கமிஷன் வாங்குகிறவர். ஒரு வாரத்தில் பதினோரு முறை கூப்பிட்டிருக்கிறார். "மேடம், ஸ்காலர்ஷிப் இன்னைக்கு ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும்தான். எத்தனை வருஷம் லைன்லயே நின்னுட்டு இருப்பீங்க?" கடைசிக் கேள்விதான் அவளை விழவைத்தது. அந்தக் கேள்வி அவள் மனதில் ஏற்கெனவே இருந்தது. அது எல்லாப் பிள்ளைகள் மனதிலும் இருக்கும் என்பது கவுன்சிலருக்குத் தெரியும்.

அடுத்தது விலை. மூன்று வருடத்துக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம். மொத்தமாகக் கட்ட வேண்டாம், மாதாமாதம் கட்டலாம் என்றார்கள். அது கட்டணத் தவணை என்று அவள் நினைத்தாள். இல்லை. ஒரு நிதி நிறுவனம் அவள் பெயரில் கடன் கொடுத்துக் காலேஜுக்கு மொத்தப் பணத்தையும் கட்டிவிட்டது. இவள் அந்த நிதி நிறுவனத்துக்கு இரண்டு வருடம் மாதம் ஐயாயிரத்து எழுநூறு கட்ட வேண்டும். கையெழுத்து எங்கே போட்டாய் என்று கேட்டேன். "கையெழுத்தெல்லாம் போடல தாத்தா, ஓ.டி.பி. சொன்னேன்" என்றாள். இந்தக் காலத்தில் ஓ.டி.பி.தான் கைநாட்டு. பிடித்தம் போக அவள் கைக்கு வருவது பதினைந்தாயிரத்து எண்ணூறு. அதில் வாடகைப் பங்கு, ஊருக்கு அனுப்புவது எல்லாம் போக வேண்டும். நாளைக்குப் படிப்பை விட்டால்கூடக் கடன் விடாது.

மூன்றாவது, இடம். சந்தைப்படுத்துதலில் இடம் என்றால் கட்டடம் இல்லை. பொருள் வாங்குகிறவர் கைக்கு, அவர் இருக்கிற இடத்தில், அவருக்குத் தோதான நேரத்தில் போய்ச் சேருகிறதா என்பதுதான். நேரலை வகுப்பு மாலை ஏழு மணிக்கு. இரண்டு மணி ஷிப்டில் போனால் இரவு பத்து வரை அவள் உள்ளே இருப்பாள். போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். நைட் ஷிப்ட் என்றால் ஏழு மணிக்குத்தான் எழுந்து, சாப்பிட்டு, பஸ்ஸுக்கு ஓட வேண்டும். காலை ஷிப்ட் வாரம் மட்டும்தான் கேட்க முடியும். அதாவது மூன்று வாரத்துக்கு ஒரு வாரம். மற்ற நாளில் பதிவு செய்த வீடியோ. மூன்று பேர் படுத்திருக்கும் ஒரே அறையில், எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்த காலோடு, காதில் ஒயரை மாட்டிக்கொண்டு, நாற்பது நிமிட ஆங்கிலம். எத்தனை முறை பார்த்தாய் என்றேன். "முதல் அஞ்சு நிமிஷத்தை நெறைய தடவை பார்த்திருக்கேன் தாத்தா" என்றாள்.

நான்காவது, பொருள். நானும் உட்கார்ந்து எல்லா வீடியோவையும் பார்த்தேன். சொல்லிக்கொடுத்தவரைக் குறை சொல்ல மாட்டேன், விஷயம் தெரிந்தவர். ஆனால் எடுத்துக்காட்டு முழுக்க அமெரிக்கக் காபிக் கடை, விளையாட்டுச் செருப்பு, கோலா பானம். நானூறு ரூபாய்க்கு ஒரு காபி ஏன் விற்கிறது என்று, நானூறு ரூபாயில் வாரம் ஓட்டுகிற பிள்ளைக்குப் பாடம். வெளிநாட்டு உதாரணம் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் இவள் வேலை செய்கிற இந்தச் சாலையிலேயே பாடம் கொட்டிக் கிடக்கிறதே, அதில் ஒன்றுகூடவா கிடைக்கவில்லை?

எண்ணிப் பாருங்கள். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் வந்தபோது நம் ஊரில் அந்தப் பெயரைச் சரியாக உச்சரிக்கவே ஆள் கிடையாது. 1998-இல் சான்ட்ரோ வந்தது. முன்பின் தெரியாத கொரியக் கம்பெனியை மாருதி வைத்திருந்த வீடுகள் எப்படி நம்பின? ஷாருக் கானைக் கூட்டிவந்து அந்தச் சந்தேகத்தையே விளம்பரமாக்கினார்கள். நான் இருந்த கம்பெனியே அந்தக் காருக்குப் பாகம் கொடுப்பதற்காகத்தான் அம்பத்தூரிலிருந்து இங்கே வந்தது. என் சொந்த வீடு அந்த விளம்பரத்தின் பலன் என்றுகூடச் சொல்லலாம்.

ஒரகடத்தில் ஜெர்மன்காரர்கள் லாரி செய்ய வந்தார்கள். உலகமே அறிந்த பெயர் கையில் இருந்தும், 2011-இல் நம் நாட்டு லாரிக்கென்று பாரத்பென்ஸ் என்று புதிதாகப் பெயர் வைத்தார்கள். ஏன் என்று யோசித்தால் ஒரு மணி நேரம் வகுப்பு நடத்தலாம். அதே ஒரகடத்தில் உள்ள இன்னொரு ஆலையிலிருந்து 2014-இல் டட்சன் என்ற பழைய பெயரைத் தூசி தட்டிக் குறைந்த விலைக் கார் விட்டார்கள். 2022-இல் மூடிவிட்டார்கள். விலை குறைந்தால் மட்டும் விற்றுவிடுமா என்பது அடுத்த மணி நேரம்.

நோக்கியாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2003-இல் வந்த 1100 மாடல் போன் நம்மில் பாதிப் பேர் கையில் இருந்தது. மின்சாரம் போனால் வெளிச்சத்துக்கு டார்ச், தூசி புகாத விசைப்பலகை. எதிராளிக்கு என்ன வேண்டும் என்று பார்த்துச் செய்த பொருள். 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் ஆலை திறந்தார்கள். ஆயிரக்கணக்கான பிள்ளைகள், பாதிக்கு மேல் பெண்கள், அதில் வேலை பார்த்தார்கள். அடுத்த வருடமே அமெரிக்காவில் ஐபோன் வந்தது. ஜனங்களுக்கு வேண்டியது மாறிவிட்டதை நோக்கியா உணரத் தாமதமானது. போன் வியாபாரத்தை மைக்ரோசாஃப்டுக்கு விற்றார்கள். வரித் தகராறு இருந்ததால் நம் ஊர் ஆலை அந்த விற்பனையில் சேரவில்லை. 2014 நவம்பர் 1-ஆம் தேதி உற்பத்தி நின்றது. அந்தத் தீபாவளிக்குப் பிறகு எங்கள் தெருவில் எத்தனை அறைகள் காலியாயின என்று எனக்குத் தெரியும்.

தியோடர் லெவிட் என்பவர் 1960-இல் ஹார்வர்டு பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். நாம் ரயில் ஓட்டுகிறோம் என்று ரயில் கம்பெனிகள் நினைத்தன, ஜனங்களை ஊர் சேர்க்கிறோம் என்று நினைக்கவில்லை, அதனால் காரும் விமானமும் வந்து அவர்கள் வாடிக்கையைக் கொண்டுபோயின என்றார். 'சந்தைப்படுத்துதலில் கிட்டப்பார்வை' என்பது அதன் தலைப்பு. அந்தப் பெண்ணின் பாடத்திலும் இந்தக் கட்டுரை ஒரு பக்கம் வருகிறது. அந்தப் பாடத்தை விற்றவர்கள் அந்தப் பக்கத்தைப் படித்தார்களா என்பதுதான் என் சந்தேகம். அவர்கள் வீடியோ விற்பதாக நினைக்கிறார்கள். அவளுக்கு வேண்டியது படிப்பு.

இங்கே நேர்மையாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவளுக்குச் சொல்லிக்கொடுப்பதற்காக என் துருவைத் துடைத்துக்கொள்ளலாம் என்று நானும் ஒரு ஆன்லைன் மார்க்கெட்டிங் பாடத்தில் சேர்ந்தேன். மத்திய அரசின் ஸ்வயம் தளம், 2017-இல் தொடங்கியது. ஐ.ஐ.டி.க்கள் நடத்தும் என்.பி.டெல். பாடங்கள் அதில் இருக்கின்றன. பாடம் கேட்க ஒரு பைசா வேண்டாம். சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் ஆயிரம் ரூபாய் கட்டி, ஒரு மையத்துக்கு நேரில் போய்ப் பரீட்சை எழுத வேண்டும். வாராந்திரப் பயிற்சிக்கு 25, பரீட்சைக்கு 75. நான் எழுதினேன். அறுபத்தேழு வயதில் இருபது வயதுப் பிள்ளைகளோடு வரிசையில் நின்றேன். காவலாளி என்னை "யாரோட அப்பா சார் நீங்க?" என்று கேட்டார். 58 மார்க். அறுபது வாங்கியிருந்தால் சான்றிதழில் 'எலைட்' என்று போடுவார்கள். என் மனைவி இரண்டு மார்க் குறைந்ததை ஊரெல்லாம் சொல்லிவிட்டாள்.

எனக்கு அந்தப் பாடம் பிடித்தது. நன்றாகவே சொல்லிக்கொடுத்தார்கள். ஏன் எனக்குச் சரிப்பட்டது? எனக்கு நேரம் இருக்கிறது. ஆங்கிலம் ஓரளவு வரும். முப்பத்து நான்கு வருடம் ஸ்டோர்ஸிலும் பர்ச்சேஸிலும் இருந்ததால் எந்தச் சொல்லைக் கேட்டாலும் ஒரு ஆளோ ஒரு சரக்கோ ஞாபகம் வந்தது. புரியாவிட்டால் நிறுத்திவிட்டுக் காபி குடித்துவிட்டு வருவேன். தோற்றாலும் எனக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. அவளுக்கு இதில் ஒன்றுகூடக் கிடையாது. ஆகவே குற்றம் ஆன்லைனில் இல்லை. யாருக்கு என்ன பாடம் எப்படிப் போய்ச் சேரும் என்று யோசிக்காமல், கடனோடு கட்டி விற்பதில்தான் குற்றம்.

என்னோடு காலையில் நடக்க வருகிற நண்பர் ஒருவர் இருக்கிறார். பெரிய கம்பெனியில் ஆள் எடுக்கும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். இதையெல்லாம் சொன்னதும், "ஏன்யா, ஏதோ ஒரு டிகிரி கையில இருந்தா அந்தப் பொண்ணு லைன்ல இருந்து ஆபீசுக்குப் போகும். உனக்கு எதுல திருப்தி? இதுவும் இல்லைன்னா அவளுக்கு வேற என்ன இருக்கு?" என்றார்.

நியாயமான கேள்வி. ஆன்லைன் பட்டம் நேரில் படித்த பட்டத்துக்குச் சமம்தான் என்று யு.ஜி.சி.யே 2022 செப்டம்பரில் அறிவித்திருக்கிறது. அங்கீகாரம் உள்ள இடத்தில் வாங்கியிருந்தால் அந்தக் காகிதத்தை யாரும் தள்ள முடியாது. நான் அவரைத் திருப்பிக் கேட்டேன். "உங்க காலத்துல இந்த மாதிரி டிகிரியைப் பார்த்து லைன்ல இருந்து எத்தனை பேரை ஆபீசுக்கு எடுத்தீங்க?" கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தார். "ஒண்ணு ரெண்டு" என்றார். பிறகு அவரே, "அதுவும் டிகிரியைப் பார்த்து இல்ல. பேச வெச்சுப் பார்த்து" என்றார்.

அதுதான் என் வாதம். காகிதத்தை வைத்து வாசல்வரை போகலாம். உள்ளே போனதும் பேச வேண்டும், கேட்ட கேள்விக்கு யோசித்துப் பதில் சொல்ல வேண்டும். அதைக் கற்றுக்கொடுப்பது எதிரில் இருக்கும் ஒரு ஆள். கொள்குறி வினாவுக்குச் சரியான கட்டத்தைத் தட்டினால் அது வராது. அந்தக் கட்டத்தையும் இப்போது பிள்ளைகள் யோசித்துத் தட்டுவதில்லை. இந்த வாரப் பயிற்சிக்கு விடை என்று வீடியோ போட்டு விற்கிற வியாபாரம் தனியாக நடக்கிறது. வகுப்பை இயந்திரம் நடத்தினால் விடையையும் இயந்திரத்தனமாகத்தான் எழுதுவார்கள். பிள்ளைகளைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை.

நான்கு 'பி' என்று சொன்னேன். பொருளுக்கு நான்கு போதும், சேவைக்குப் போதாது என்று 1981-இல் பூம்ஸ், பிட்னர் என்ற இரண்டு பேராசிரியர்கள் இன்னும் மூன்றைச் சேர்த்தார்கள். அதில் ஒன்று மனிதர்கள். பாங்க், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் இவற்றில் எதிரில் நிற்கிற மனிதரும் சரக்கில் சேர்த்தி என்பது அதன் பொருள். இதுவும் அவள் பாடத்தில் இருக்கிறது, ஏழாவது அத்தியாயம். சந்தேகம் கேட்க ஒரு பெட்டி வைத்திருந்தார்கள். அவள் இரண்டு கேள்வி போட்டிருந்தாள். ஒன்றுக்குப் பதிலே இல்லை. இன்னொன்றுக்கு, 'வீடியோ மூன்றைப் பார்க்கவும்' என்று வந்தது. வீடியோ மூன்று புரியாமல்தான் கேட்டாள்.

முதல் பரீட்சையை நைட் ஷிப்ட் முடித்துவந்த காலையில் எழுதினாள். கேமரா முன்னால் உட்கார்ந்து எழுத வேண்டும். நடுவில் இரண்டு முறை நெட் போனது. முப்பத்தொரு மார்க், நாற்பது வேண்டும். அன்று மாலை மாடியிலிருந்து சத்தமே வரவில்லை. மறுநாள் வந்து, "விட்டுடலாம்னு இருக்கேன் தாத்தா. ஆனா இ.எம்.ஐ.யை எப்படி விடறது?" என்றாள். படிப்பு வேண்டாம், தவணை மட்டும் மிச்சம். இதற்குப் பெயர் காலேஜா?

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எங்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தோம். நான் சாஷே கதையிலிருந்து தொடங்கினேன். கடலூரில் சின்னி கிருஷ்ணன் என்பவர் ஷாம்புவைச் சின்னப் பொட்டலத்தில் அடைத்தார். பணக்காரர் பயன்படுத்துவது கூலி வேலை செய்கிறவருக்கும் கிடைக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். அவர் மகன் ரங்கநாதன் 1983-இல் பதினைந்தாயிரம் ரூபாய் முதலோடு தனியாக வந்து சிக் ஷாம்பு விற்றார். எந்தக் கம்பெனியின் காலிப் பொட்டலமாக இருந்தாலும் ஐந்து கொண்டுவந்தால் ஒரு சிக் இலவசம் என்று திட்டம் போட்டார். "அப்ப அடுத்த கம்பெனிக்காரன் வாடிக்கையை அவங்க பொட்டலத்தை வெச்சே இழுத்துட்டாரு!" என்றாள் அவள். ஐந்து நிமிடத்துக்கு மேல் தாங்காத பிள்ளை, ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள்.

இன்னொரு ஞாயிறு சுங்குவார்சத்திரம் போனோம். ஷிப்ட் மாறுகிற நேரத்தில் பஸ் ஸ்டாப்பில் நின்று, யார் யாருக்கு என்ன விற்கிறார்கள் என்று நோட்டில் எழுதச் சொன்னேன். தக்காளிச் சாதம், எலுமிச்சைச் சாதம் பொட்டலம் கட்டி விற்கிற ஒரு அம்மா இருந்தார். ஏன் இரண்டு அளவில் கட்டுகிறீர்கள் என்று இவள் கேட்டாள். "மாசக் கடைசியில புள்ளைங்க கையில காசு இருக்காதும்மா. பெருசு கட்டினா வாங்காம பட்டினியா போகுதுங்க. அதான் சின்னதும் கட்டறேன்" என்றார் அந்த அம்மா. இவள் என்னைத் திரும்பிப் பார்த்து, "தாத்தா, இது சாஷேதானே!" என்றாள். வாடிக்கையாளர் பிரிவு, விலை நிர்ணயம், அளவு, எல்லாம் அந்தக் கூடைக்குள் இருந்தது. வாங்குகிறவர் வயிறு எப்போது காலியாக இருக்கும், பை எப்போது காலியாக இருக்கும் என்று அந்த அம்மாவுக்குத் தெரியும். ஒரு லட்சத்து இருபதாயிரம் வாங்கினவர்களுக்குத் தெரியவில்லை.

மறுபரீட்சையில் நாற்பத்தேழு. முதல் வகுப்பு இல்லை. ஆனால் விடை வீடியோ பார்க்காமல் அவளே எழுதியது. அன்று மூன்று பெண்களும் கீழே வந்து என் மனைவியோடு சேர்ந்து கேசரி கிளறினார்கள். கடன் இன்னும் பத்தொன்பது தவணை பாக்கி. அதைக் கேசரியால் அடைக்க முடியாது.

ஆகவே நான் சொல்வது இதுதான். பிள்ளைகளே, அல்லது இதைப் படித்துவிட்டுப் பிள்ளைகளிடம் சொல்லப்போகிற பெரியவர்களே, சேருவதற்கு முன் யு.ஜி.சி.யின் தொலைதூரக் கல்விப் பிரிவு வெளியிடும் பட்டியலில் அந்தப் பல்கலைக்கழகமும் அந்தப் படிப்பும் இருக்கிறதா என்று பாருங்கள். ஏஜென்ட் சொல்வதை நம்பாதீர்கள். படிப்பை இன்னொருவருக்குக் குத்தகை விட்டு நடத்துவதை யு.ஜி.சி. விதி அனுமதிக்கவில்லை. 2022-இலேயே இதுபற்றி எச்சரிக்கையும் விட்டிருக்கிறார்கள். பிறகு கவுன்சிலரிடம் நான்கு கேள்வி கேளுங்கள். வாத்தியாரிடம் நேராகப் பேச முடியுமா, எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு? தமிழில் கேட்டால் தமிழில் பதில் வருமா? பரீட்சை அன்று நெட் போனால் என்ன செய்வீர்கள்? நடுவில் நின்றால் கடன் யார் தலையில்? நாலில் இரண்டுக்கு மழுப்பினாலே போனை வைத்துவிடுங்கள். அரசின் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002-லிருந்து இருக்கிறது, தமிழ் வழியிலும் படிக்கலாம். பாடம் மட்டும் கேட்க வேண்டுமென்றால் ஸ்வயம் இலவசம். கடன் வாங்குவதற்கு முன் இரண்டையும் பார்த்துவிடுங்கள்.

கம்பெனிகளுக்கு ஒரு வார்த்தை. பிள்ளைகள் படித்தால் உங்களுக்கும் நல்லது என்று மேடையில் பேசுகிறீர்கள். பரீட்சைக்கு முந்தின இரவு நைட் ஷிப்ட் போடாதீர்கள். ஹாஸ்டலில் கதவு சாத்தி உட்கார ஒரு அறையும், நான்கு மேசையும், அறுந்துபோகாத நெட்டும் கொடுங்கள். பஸ்ஸுக்கு ஏ.சி. போடுகிற செலவில் இது கால்வாசி வராது.

கடைசியாக நமக்கு. ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரை இந்தச் சாலையில் ஓய்வுபெற்ற அக்கவுண்டன்ட், பர்ச்சேஸ் ஆபீசர், சேல்ஸ் மேனேஜர், வாத்தியார் எத்தனை பேர் இருக்கிறோம்? காலையில் நடக்கிறோம், பேப்பர் படிக்கிறோம், இந்தக் காலத்துப் பிள்ளைகள் சரியில்லை என்று பேசுகிறோம். அந்தப் பிள்ளைகள் கொடுக்கிற வாடகையில் நம்மில் பலருக்கு மருந்துச் செலவு ஓடுகிறது. அவர்களுக்கு விற்கப்பட்ட காலேஜில் இல்லாமல் போனது ஒரு ஆள். அந்த ஆளாக வாரத்துக்கு ஒரு மணி நேரம் இருக்க நம்மால் முடியாதா?

எங்கள் வீட்டில் ஞாயிறு காலை பத்து மணிக்கு இப்போது ஐந்து பெண்கள், ஒரு பையன். அடுத்த செமஸ்டரில் அவளுக்குப் புள்ளியியல் இருக்கிறது. எனக்கு அது அந்தக் காலத்திலேயே வராது. கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர் யாராவது பக்கத்தில் இருந்தால் வாருங்கள். காபி உண்டு.